மல்லாந்து கிடக்கும் சிலந்தி: டரான்டுலா மெதுவாகச் சட்டை உரிக்கும்போது

டரான்டுலா என்ற பெரிய, முடி அடர்ந்த சிலந்தியை வளர்ப்பவர் எல்லோருக்கும் ஒருநாள் அந்த இரவு வரும். படுக்கப் போகும் முன் சும்மா ஒரு தடவை பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பீர்கள். எட்டுக் கால்களையும் மேலே வைத்துக்கொண்டு அது மல்லாந்து கிடக்கும். அசைவே இருக்காது. கரப்பான் செத்தால் மல்லாந்து கிடக்கும், பல்லி செத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். பூச்சி புழு மல்லாந்தால் கதை முடிந்தது என்று பார்த்துப் பழகிய கண் நமக்கு. என் முதல் டரான்டுலா மல்லாந்த இரவில் ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷை எடுத்து அதன் காலைத் தொட்டுப் பார்த்தேன். தூக்கத்தில் யாரோ எழுப்புவது போல, அந்தக் கால் மிக மெதுவாக மடங்கி, மறுபடி விரிந்தது. உயிர் இருக்கிறது என்ற நிம்மதியில் இன்னொரு தடவையும் தொட்டேன். இரண்டு தடவையும் தொட்டிருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அது சட்டை உரிக்கப் படுத்திருந்தது. வளர்ப்பவர்கள் இதை மோல்ட் என்பார்கள். செத்த டரான்டுலா பெரும்பாலும் மல்லாந்து கிடப்பதில்லை. நின்ற நிலையிலேயே கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டு, மூடிய கைவிரல்கள் மாதிரி ஆகிவிடும். காரணம் எளிது. சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் ஒவ்வொரு காலிலும் இரண்டு முக்கிய மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்புக்குள் ஓடும் ஹீமோலிம்ஃப் என்ற இரத்தத்தை அழுத்தி அனுப்பித்தான் அவற்றை நீட்டுகிறது, தண்ணீர் அடைத்தால் ரப்பர் குழாய் நிமிர்வது போல. அழுத்தம் போனால் கால் தானாகச் சுருளும். ஆகவே கால் சுருண்டு, வயிறு சுருங்கி, நின்றபடி கிடக்கும் சிலந்தியைப் பார்த்தால் கவலைப்படுங்கள். பெரும்பாலும் அதற்குத் தண்ணீர் போதவில்லை என்று பொருள். காலை விரித்து மல்லாந்திருக்கும் சிலந்தியைப் பார்த்தால் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நகர முடியாது என்பதுதான் சிக்கல். ஒரு மணி நேரம் ஆகும், இரண்டு மணி நேரம் ஆகும், ஒன்றும் நடந்தது போலவே தெரியாது. "மாட்டிக்கொண்டதோ?" என்று மனம் கேட்கும். நாம் ஏதாவது உதவி செய்யலாமே என்று கை துறுதுறுக்கும். அந்தக் கையை எப்படிக் கட்டிப்போடுவது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை கொஞ்சம் அடங்கும்.

சட்டை என்றால் என்ன?

நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது, சிலந்திக்கு வெளியே. உடம்பைச் சுற்றியிருக்கும் ஓடுதான் அதற்கு எலும்பு, தோல், கவசம் எல்லாமே. கைட்டின் என்ற பொருளும் புரதமும் சேர்ந்து ஆன அந்த ஓடு, ஒரு முறை இறுகிவிட்டால் பிறகு வளராது. வயிறு மட்டும் விலக்கு. அங்கே ஓடு மெல்லியதாக, விரிந்துகொடுப்பதாக இருப்பதால் தின்னத் தின்ன உப்பும். ஆனால் கால்களும், கண்களைத் தாங்கியிருக்கும் முன்பகுதியின் மேலோடும் இரண்டு சட்டைகளுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. வயிறு பெருத்து மேலோடு மட்டும் சின்னதாகத் தெரியும் சிலந்தி, சின்ன வயதுச் சட்டையைப் பொத்தான் தெறிக்கப் போட்டுக்கொண்டு திரிவது போலத்தான்.

பாம்பு சட்டை உரிப்பதோடு இதை ஒப்பிடுவார்கள். பேச்சுக்குச் சரி, வேலையின் அளவில் பொருந்தாது. பாம்பு உரிப்பது மேல்தோலின் ஒரு படலம். டரான்டுலா எட்டுக் கால்களின் உறை, வாய்ப்பக்கம் இருக்கும் இரண்டு குட்டை உணர்கால்களின் உறை, நச்சுப்பற்களின் உறை எல்லாவற்றையும் கழற்றுகிறது. அதோடு நிற்கவில்லை. தொண்டையின் உட்புறப் பூச்சு, உணவை உறிஞ்சும் இரைப்பையின் உட்புறப் பூச்சு, புத்தகத் தாள்கள் அடுக்கியது போலிருக்கும் ஏட்டு நுரையீரலின் உட்புறப் பூச்சு, இவையும் பழைய சட்டையோடு வெளியே வருகின்றன. கையுறையைக் கழற்றும்போது தொண்டைக்குள் இருக்கும் தோலும் கூடவே வருவதாகக் கற்பனை செய்து பாருங்கள். இதற்கு அரை நாள் ஆனால் நியாயம்தானே.

சட்டை கழல்வதற்குப் பல நாள் முன்பே வேலை தொடங்கிவிடும். எக்டைசோன் வகை ஹார்மோன் சுரந்ததும், ஓட்டுக்கு அடியில் இருக்கும் தோல் செல்கள் பழைய ஓட்டிலிருந்து விலகும். நடுவில் ஏற்படும் மெல்லிய இடைவெளியில் ஒரு திரவம் சுரந்து, பழைய ஓட்டின் உள்ளடுக்கைக் கரைக்கும். கரைந்ததில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப இழுத்துக்கொள்ளும். வீடு கட்டுபவர் பழைய சுவரை இடித்து அதே செங்கல்லை மறுபடி உபயோகிப்பது மாதிரி. அதே சமயம் அடியில் புது ஓடு, மடிந்து சுருங்கிய நிலையில், உருவாகிறது. நீங்கள் மல்லாந்த சிலந்தியைப் பார்க்கும் நேரத்தில் கட்டுமானம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அன்றிரவு நடப்பது குடிபெயர்வது மட்டும்.

அதற்கு முந்தைய நாட்கள்

மோல்டுக்கு முந்தைய இந்தக் காலத்தை பிரீ-மோல்ட் என்பார்கள். முதல் அடையாளம் சாப்பாட்டை மறுப்பது. நேற்று வரை பாய்ந்து பிடித்த சிலந்தி இன்று வெட்டுக்கிளியைக் கண்டால் பின்வாங்கும். அப்புறம் நிறம் மங்கும், நடமாட்டம் குறையும், வளைக்குள் வாழும் வகையாக இருந்தால் வாசலை மண்ணாலும் இழையாலும் அடைத்துக்கொள்ளும். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த வகைகளில் பல, வயிற்றின் பின்புறத்து முடிகளைக் காலால் தேய்த்து எதிரி மேல் உதறும். அந்த முடி பட்டால் அரிக்கும். அப்படி உதறி உதறி வழுக்கை விழுந்த இடம் ஒன்று வயிற்றில் இருக்கும். சாதாரண நாளில் வெளிர் நிறமாக இருக்கும் அந்த வழுக்கை, மோல்ட் நெருங்க நெருங்கக் கருத்துக்கொண்டே வரும். உள்ளே முளைத்திருக்கும் புது முடிகள் பழைய தோல் வழியாகத் தெரிவதால் வரும் கருமை அது. எனக்குத் தெரிந்த அடையாளங்களிலேயே நம்பகமானது இதுதான். வழுக்கை இல்லாத சிலந்திக்கு இந்த வசதி இல்லை. உப்பிப் பளபளக்கும் வயிற்றையும் உண்ணாவிரதத்தையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

எவ்வளவு நாள் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. குட்டிகளுக்குச் சில நாள், வளர்ந்தவற்றுக்குப் பல வாரம், சிலவற்றுக்கு மாதக்கணக்கு. சிலியன் ரோஸ் என்ற வகை, மோல்ட் வந்தாலும் வராவிட்டாலும் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதற்குப் பேர் போனது. எத்தனை நாளுக்கு ஒரு முறை உரிக்கும் என்பதும் வயதைப் பொறுத்தது. குட்டி மாதத்துக்கு ஒரு முறை உரித்தாலும் ஆச்சரியம் இல்லை. வளர்ந்த பெண் ஆண்டுக்கு ஒரு முறை, சமயத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. முதல் மூன்று மோல்டுகள் சட்டென முடிவதைப் பார்த்தவர் நான்காவது இழுக்கும்போது பயந்துபோகிறார். பெரிதாக வளர வளர வேகம் குறைவது இயல்பு.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியவை இரண்டே இரண்டு. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். உயிருள்ள இரை எதுவும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. இரண்டாவதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். நாளைக்குச் சாப்பிடும் என்று விட்டுவைத்த வெட்டுக்கிளி, மல்லாந்து கிடக்கும் சிலந்தியின் மென்மையான புது உடம்பைக் கடித்துத் தின்னத் தொடங்கும். எதிர்த்து அசையக்கூட சிலந்தியால் முடியாது. மோல்டில் சிலந்தியைப் பறிகொடுத்தவர்களிடம் விசாரித்தால் இந்தக் கதை அடிக்கடி வரும்.

அந்த இரவு

உரிக்கும் முன் பல வகைகள் தரையில் ஒரு விரிப்பு நெய்யும். வெள்ளை இழையால் ஆன, கைக்குட்டை போன்ற படுக்கை. சில பெரிய வகைகள் தங்கள் அரிக்கும் முடிகளையும் அந்தப் படுக்கையில் பரப்பும். படுத்திருக்கும் வேளையில் எறும்பு முதலானவை நெருங்காமல் இருக்க வேலி. பிறகு அதன் மேல் ஒருக்களித்து, மெதுவாகப் புரண்டு மல்லாந்துகொள்ளும். எல்லாச் சிலந்தியும் மல்லாந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. சில பக்கவாட்டில் படுத்தே உரிக்கும். அதைப் "சரியாக" மல்லாத்திவிடலாம் என்று திருப்பாதீர்கள்.

மல்லாந்த பிறகு நீண்ட நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆனால் உள்ளே இதயம் வேகமாகத் துடித்து, வயிற்றில் இருக்கும் இரத்தத்தை முன்பகுதிக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். வயிறு சுருங்க, முன்பகுதி உப்ப, அழுத்தம் தாங்காமல் மேலோடு விளிம்பு ஓரமாக விரிசல் விட்டு, டப்பா மூடி திறப்பது போலத் திறக்கும். மல்லாந்து கிடப்பதால் இது அடிப்பக்கத்தில் நடக்கும். நமக்குச் சரியாகத் தெரியாது. வயிற்றின் பக்கவாட்டிலும் பழைய தோல் கிழியும். அப்புறம்தான் கால்கள். ஒவ்வொரு காலும் தன் பழைய உறைக்குள்ளிருந்து, இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி, ஒரு தாளத்தோடு வெளியே வர வேண்டும். புதுக் கால் மென்மையானது. வேகமாக இழுத்தால் கோணிக்கொள்ளும். அந்த நிதானம் அதன் நன்மைக்கே.

குட்டிக்கு இதெல்லாம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடியும். வளர்ந்த டரான்டுலாவுக்குப் பல மணி நேரம் ஆகும். மல்லாந்ததிலிருந்து கணக்குப் போட்டால் அரை நாளைத் தாண்டுவதும் உண்டு. அறை குளிர்ந்திருந்தால் இன்னும் இழுக்கும்.

அன்றிரவு நான் கண்டுபிடித்த ஒரு வழியைச் சொல்கிறேன். நம் கண்ணுக்குக் கடிகாரத்தின் சின்ன முள் நகர்வது தெரியாது. அரை மணி கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கும். அதே மாதிரி, கைபேசியை ஒரே இடத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், அரை மணிக்கு ஒரு படம் எடுத்தேன். பத்தரைக்கும் பதினொன்றுக்கும் எடுத்த படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, முதல் ஜோடிக் கால்களின் தொடைப்பக்கம் வெளிர்ந்த ஒரு வளையம் புதிதாகத் தெரிந்தது. பழைய உறையிலிருந்து புதுக் கால் ஒரு நெல்மணி நீளம் வெளியே வந்திருக்கிறது. இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. பன்னிரண்டரைப் படத்தில் அந்த வளையம் எல்லாக் கால்களிலும் இருந்தது. நகர்கிறது என்று தெரிந்ததும் போய்ப் படுத்தேன். காலையில் பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள் இருந்தன. ஒன்று வெற்றுச் சட்டை.

மெதுவா, மாட்டிக்கொண்டதா?

படத்தில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்துகொண்டே இருந்தால் அது மெதுவான மோல்ட், விட்டுவிடலாம். மேலோடு திறக்கும் முன் எவ்வளவு நேரம் மல்லாந்து கிடந்தாலும் கவலை இல்லை. அது இன்னும் தொடங்கவே இல்லை. கவலைப்பட வேண்டிய கட்டம், மேலோடு திறந்து கால்கள் பாதி வெளியே வந்த பிறகு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது. இழுக்கும் தாளமும் நின்றுபோய், வெளியே வந்த பகுதிகள் நிறம் இறுகிக் கெட்டியாகத் தொடங்கினால் அது மாட்டிக்கொண்டது. புது ஓடு நேரம் ஆக ஆக இறுகும். இறுகியபின் குறுகிய உறைக்குள்ளிருந்து கால் வராது.

ஏன் மாட்டுகிறது? பல சமயம் உடம்பில் நீர்ச்சத்து குறைவு. இரத்த அழுத்தத்தால் நடக்கும் வேலைக்கு இரத்தத்தில் நீர் வேண்டும். பழைய காயம், முதுமை, பலவீனம் ஆகியவையும் காரணங்கள். நடுவில் தொந்தரவு செய்ததும் காரணம் ஆகலாம். என் பெயின்ட் பிரஷ் அன்று தப்பித்தது அதிர்ஷ்டம். ஆண் சிலந்தியின் விஷயம் தனி. பருவம் எய்தும் மோல்டோடு பெரும்பாலான ஆண்களுக்கு உரிப்பது முடிந்துவிடும். அபூர்வமாக இன்னொரு முறை முயன்றால், உணர்கால் நுனியில் வளர்ந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பு பழைய உறையில் சிக்கிக்கொள்ளும். அதிலிருந்து மீள்வது கடினம்.

பயந்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது தண்ணீர் தெளிப்பது. நானும் பாட்டிலைக் கையில் எடுத்தவன்தான். ஒரு விஷயத்தை யோசியுங்கள். டரான்டுலாவின் ஏட்டு நுரையீரல்கள் நான்கு. அவற்றின் வாய்கள் வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. அது மல்லாந்து கிடக்கும்போது அந்த வாய்கள் மேல்நோக்கி இருக்கும். நீங்கள் மேலிருந்து தெளிக்கும் தண்ணீர் நேராக அது மூச்சுவிடும் இடத்தில் விழும். பெட்டியில் ஈரம் கூட வேண்டுமென்றால் தள்ளி ஒரு மூலையில் மண்ணை நனையுங்கள், அல்லது தண்ணீர்க் கிண்ணத்தை வழியவிடுங்கள். உண்மையான ஈரம் ஒரு மாதமாக அது குடித்த தண்ணீரில் இருக்கிறது. கடைசி நேரத் தெளிப்பு அதை ஈடுகட்டாது.

நிஜமாகவே மாட்டிக்கொண்டது என்று பல மணி நேரப் படங்களைப் பார்த்து உறுதியான பிறகு மட்டும் கை வைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி கிளிசரின் கலந்து, மெல்லிய பிரஷ் நுனியால் சிக்கிய உறையின் மேல் மட்டும் தடவி ஈரமாக்கி, காத்திருக்க வேண்டும். இழுக்கக் கூடாது. உறை ஊறிய பின் சிலந்தியே இழுத்துக்கொள்ள விடுங்கள். அப்படியும் ஒரே ஒரு கால் வரவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். டரான்டுலா தேவைப்பட்டால் காலை உடம்போடு சேரும் மூட்டருகே தானே கழற்றிப் போட்டுவிடும். அடுத்த மோல்டில் அந்த இடத்தில் மெல்லியதாக ஒரு கால் முளைக்கும். அதற்கடுத்த மோல்டுகளில் மற்ற கால்களுக்கு ஈடாக வளர்ந்துவிடும். ஒரு காலைக் காப்பாற்றப் போய் வயிற்றைக் கிழித்துவிட்டால் திரும்ப எதுவும் செய்ய முடியாது. வாயும் இரைப்பையின் உட்பூச்சும் சிக்கிக்கொள்வதுதான் மோசமானது. வெளியே எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் அதனால் சாப்பிட முடியாது. அதில் நம் கையால் ஆகக்கூடியது மிகக் குறைவு.

காலைக்குப் பிறகு

சட்டையிலிருந்து வந்த டரான்டுலா பார்க்க நன்றாக இருக்காது. வெளிறி, கால்கள் கோணலாகப் பரந்து, பக்கத்தில் படுத்துக் கிடக்கும். சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாள் முழுக்க. அதுவும் சாவு இல்லை. பிறகு நிமிர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டும். சோம்பல் முறிப்பது போலத் தோன்றினாலும், மூட்டுகள் இறுகிப்போகாமல் இருக்கத்தான் அது.

நச்சுப்பற்களைப் பாருங்கள். பால் வெள்ளையாக இருக்கும். அதைக் கொண்டு இரையைக் குத்தினால் பல்தான் உடையும். வெள்ளை சிவந்து, சிவப்பு கருத்து, முழுக் கருப்பு ஆகும் வரை இரை கிடையாது. குட்டிக்கு ஐந்தாறு நாள். பெரியதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாள், சில சமயம் கூடுதலாக. பட்டினி என்று பரிதாபப்பட்டு இரையைப் போட்டால், இந்தக் கட்டத்திலும் அந்த இரை சிலந்தியைக் கடிக்கும். தண்ணீர் மட்டும் வையுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும் ஆசையையும் ஒத்திப்போடுங்கள்.

சட்டையைத் தூக்கி எறியாதீர்கள். நீண்ட இடுக்கியால் எடுத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் ஊறப்போட்டால் பதமாகும். வயிற்றுப் பகுதியின் தோல் கசங்கிய டிஷ்யூ போலச் சுருண்டிருக்கும். பொறுமையாக விரிக்க வேண்டும். உள்பக்கத்தில் வெள்ளையாக நான்கு தடங்கள் தெரியும், அவைதான் ஏட்டு நுரையீரலின் பூச்சு. முன்னிரண்டு தடங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மடல், பை போல எழும்பி நின்றால் அது விந்துப்பை, இணை சேர்ந்த ஆணின் விந்தைப் பெண் சேமித்து வைக்கும் இடம். உங்கள் சிலந்தி பெண். இரண்டு தடங்களுக்கும் இடையில் வெறும் கோடு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஆண். மிகச் சின்னக் குட்டியின் சட்டையில் இது தெரியாது. பெண்ணின் விந்துப்பைப் பூச்சும் சட்டையோடு வந்துவிடுவதால், முன்பு இணை சேர்ந்திருந்தாலும் சேமித்த விந்து அதோடு போய்விடும்.

என்னுடையது பெண். பதினோராம் நாள் பல் கருத்திருந்தது, பன்னிரண்டாம் நாள் ஒரு சின்ன வெட்டுக்கிளியைப் போட்டேன். அது வெட்டுக்கிளியைச் சுற்றிக்கொண்டு போய், கிண்ணத்தின் மேல் உடம்பைச் சாய்த்து, வாயைத் தண்ணீரில் வைத்து வெகுநேரம் அசையாமல் குடித்தது. வெட்டுக்கிளியை அன்று சாயங்காலமே வெளியே எடுத்துவிட்டேன்.